சாந்தகுமாரி வைத்த காது பரீட்சை

சாந்தகுமாரியின் வேலை, அடுத்தவர் காதுக்குள் சத்தம் போடுவது. காக்ஸ் டவுனில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரின் கிளினிக்கில், கடைசியாக ஒரு கண்ணாடிக் கதவு அறை இருக்கிறது. அதற்குள் வந்து உட்காருகிறவரின் தலையில் பெரிய ஹெட்போனை மாட்டி, "சின்னதா 'பீப்'னு கேக்கும். கேட்டா கையத் தூக்குங்க, கேக்கலைன்னா சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்து பட்டனை அமுக்குவாள். பத்தொன்பது வருஷமாக இதுதான்.

வந்தவர் நிஜமாகவே கேட்டுத்தான் கை தூக்குகிறாரா என்று பார்க்க, நடுநடுவே எதையும் அமுக்காமல் காத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒருவருக்கு இரண்டு தடவை போதும். சாந்தகுமாரி ஐந்தாறு தடவை செய்வாள். ஒன்றுமே ஒலிக்காத அறையில், பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கம்பீரமாகக் கையைத் தூக்குவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம். சம்பளம் கம்மி என்ற குறை அந்த நிமிஷத்தில் மறந்துபோகும்.

அவள் பிறந்து வளர்ந்தது நீலசந்திராவில். அப்பா பெயிண்டிங் கூலி. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் மாவு மெஷின், மாடியில் தினமும் சண்டை போடும் புருஷன் பெண்டாட்டி. மாவு மெஷின் ஓடும்போதே மாடிச் சண்டையில் யார் ஜெயிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். பி.யூ.சி. முடித்து, கிளினிக்கில் டோக்கன் கொடுக்கச் சேர்ந்தாள். காது டெஸ்ட் எடுத்த பெண் கல்யாணமாகி மைசூருக்குப் போனதும், அந்த நாற்காலியில் இவள் உட்கார்ந்தாள். இப்போது வயது நாற்பத்தேழு. கணவர் சுந்தரமூர்த்தி சிட்டி பஸ் டிரைவர். இன்ஜின் சத்தத்தைத் தவிர வேறு எந்தச் சத்தத்தைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லாத மனிதர். அவள் பாடுவதும் அதில் அடக்கம்.

பாடுவது அவளுக்குச் சர்ச் பாடகர் குழுவில் தொடங்கிய பழக்கம். அது பேண்டு வரைக்கும் வந்ததற்குக் காரணம் கிளிஃபர்ட். துபாயில் ஒரு ஹோட்டலில் ஆறு வருஷம் கிதார் வாசித்துவிட்டு, காதுக்குள் எப்போதும் 'ஙொய்' என்று கேட்கிறது என்று கிளினிக்குக்கு வந்தவர். தன் முறை வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பழைய பாட்டை முனகிக்கொண்டிருந்தார். அடுத்த அடியை அவர் மறந்து நிறுத்த, சாந்தகுமாரி உள்ளேயிருந்தபடியே அதை எடுத்துப் பாடிவிட்டாள். அடுத்த மாதமே இருவரும் ஒரு பிறந்தநாள் விழாவில் மேடையேறினார்கள்.

பிறகு பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்த சீனு வந்து சேர்ந்தான். ரிதம் பேடு வாசிப்பான். வாணியம்பாடியிலிருந்து வந்து சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்த ராஜேஷ்குமார் கீபோர்டுடன் வந்தான். நிச்சயதார்த்தம், பிறந்தநாள், அபார்ட்மெண்ட் பொங்கல் விழா என்று நூறு, நூற்றைம்பது பேர் உட்காரும் இடங்களில் வாசித்தார்கள். சவுண்ட் செட் மட்டும் எப்போதும் வாடகைதான்.

வாடகை செட்டுக்கு முடிவு கட்டியது பொம்மனஹள்ளியில் நடந்த ஒரு நிச்சயதார்த்தம். செட்டுக்காரர் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுவந்து, பாடுகிறவளின் முதுகைப் பார்த்த மாதிரி மேடைக்குப் பின்னால் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். பெட்டியிலிருந்து வந்த சத்தம் மைக்கில் புகுந்து, மறுபடி பெட்டிக்குப் போய், மறுபடி மைக்குக்குத் திரும்பி, 'கீய்ய்ங்' என்று மண்டபத்தையே கீறியது. பெண்ணின் சித்தப்பா கையிலிருந்த லட்டுடனேயே காதைப் பொத்திக்கொண்டார். இரண்டு மணி நேரம் இப்படியே போயிற்று.

முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் தேடி வந்து கைகூப்பினார்.

"ரொம்ப நல்லா பாடினீங்க மேடம். ஹிந்திப் பாட்டெல்லாம் இவ்ளோ சுத்தமா பாடுறவங்க நம்ம ஆளுங்கள்ல கம்மி."

சாந்தகுமாரி அன்று பாடியது பதினான்கு பாட்டு. பதினான்கும் தமிழ்.

அவள் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும், "நமக்குன்னு ஒரு செட் வாங்கணும். வாங்கற வரைக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளிஃபர்ட் வீட்டு ஹாலில் நால்வரும் கூடினார்கள். நாலு வருஷமாகப் பொதுவில் சேர்த்து வைத்திருந்ததில் ஒரு லட்ச ரூபாய் வரை செலவழிக்கலாம் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. என்ன வாங்குவது என்பதில்தான்.

"டூ தவுசண்ட் வாட்ஸுக்குக் கம்மியா ஒண்ணும் வாங்கக் கூடாது" என்றார் கிளிஃபர்ட். "பதினஞ்சு இஞ்ச் பாக்ஸ். துபாய்ல எங்க ஹோட்டல்ல அதான். இம்போர்ட்டட். ஸ்விட்ச் போட்டதுமே தெரியும், குவாலிட்டின்னா என்னன்னு."

"எனக்கு வாட்ஸெல்லாம் தெரியாதுண்ணா" என்றான் சீனு. "அடிச்சா இங்க இடிக்கணும்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

ராஜேஷ்குமார் லேப்டாப்பைத் திறந்தான். நாற்பத்திரண்டு ஸ்பீக்கர்களைப் பட்டியல் போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பூசி வைத்திருந்தான். "இன்னும் பதினோரு ரிவ்யூ வீடியோ பாக்கணும். தீபாவளிக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துடலாம்" என்றான். அப்போது நடந்துகொண்டிருந்தது ஜூலை.

"உனக்கு என்ன வேணும் சாந்தா?" என்று கிளிஃபர்ட் கேட்டார்.

"நான் பாடுற வார்த்த கடைசி வரிசைக்குப் புரியணும். லிஃப்ட் இல்லாத மாடிக்கு ஒரு பொட்டிய நானே தூக்கிட்டுப் போகணும். அவ்ளோதான்."

மூன்று ஆண்களும் அவளைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

சாந்தகுமாரி பதில் பேசவில்லை. பேசாததற்கு வேறொரு காரணமும் இருந்தது. கிளிஃபர்ட்டின் காது டெஸ்ட்டை எடுத்தவள் அவள்தான். காகிதத்தில் விழுந்த கோடு, மெல்லிய கூர்மையான சத்தங்கள் வரும் பக்கத்தில் நந்தி மலைச் சரிவு மாதிரி இறங்கியிருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு கச்சேரியிலும் மிக்ஸர் பக்கம் போய், "இன்னும் கொஞ்சம் ஷார்ப்பா வைப்பா" என்று கிளிஃபர்ட் திருகைத் திருகியதும், அடுத்த நிமிஷம் 'கீய்ங்' வந்ததும் ஞாபகம் இருந்தது. செட்டுக்காரர்கள் மேல் பாதிப் பழிதான், மீதி இவருடையது. ஆனால் கிளினிக் அறையில் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. டாக்டர் கேட்டால்கூட ஃபைலைத்தான் நீட்டுவாள்.

சொல்லத்தான் கூடாது. சோதித்துக் காட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் கிளினிக் மூடியதும், டவுன் ஹால் பக்கத்தில் சவுண்ட் சாமான் விற்கும் ஒரு கடைக்குத் தனியாகப் போனாள். கல்லாவில் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒருவர் மைக் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் பேக்கு மேடம்?" என்று நிமிராமலே கன்னடத்தில் கேட்டார், என்ன வேண்டும் என்று.

"சின்ன பேண்டுக்கு சவுண்ட் செட்" என்று அவள் தமிழில் சொன்னாள்.

அவரும் உடனே தமிழுக்கு மாறினார். பெயர் சந்திரசேகரன். குடும்பமே மூன்று தலைமுறையாக இந்த ஊர். "பஜனைக்கா மேடம்? இத பாருங்க. சக்கரம் இருக்கு, லைட் எரியும், ப்ளூடூத் இருக்கு, கூடவே ரெண்டு மைக். கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க."

"கண்ண மூடிட்டு எடுக்கறதுக்கு நான் ஏன் இவ்ளோ தூரம் வரணும்? வேற காட்டுங்க சார்."

சந்திரசேகரன் பன்னிரண்டு இஞ்ச்சில் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டார். இரண்டாவது ஜோடி ஓடும்போது மேஜைக்குக் கீழே அவருடைய கை லேசாக அசைந்தது. சாந்தகுமாரி ஹேண்ட்பேகிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்தாள். சத்தத்தின் அளவு காட்டும் மீட்டர், கிளினிக்கில் பயன்படுத்துவது.

"ரெண்டாவதுக்கு நாலு பாயிண்ட் ஏத்தியிருக்கீங்க" என்றாள்.

சந்திரசேகரன் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"முப்பது வருஷமா இத பண்றேன் மேடம். ஒருத்தர் கண்டுபிடிச்சதில்ல. கொஞ்சம் ஏத்தி வெச்சா எந்த பாக்ஸும் நல்லாத்தான் இருக்கும். எது விக்கணுமோ அத ஒரு நூல் ஏத்திடுவோம்."

"உங்களுக்கு இடது காது கொஞ்சம் கம்மி, இல்ல?"

"அது எப்படி தெரியும்?"

"நான் பேசும்போதெல்லாம் வலது காதத் திருப்பறீங்க. நாளைக்கழிச்சு கிளினிக்குக்கு வாங்க, பாத்துடலாம்."

திங்கட்கிழமை அவர் வந்தார். கண்ணாடி அறையில் உட்கார்ந்தார். எதுவும் ஒலிக்காத இடங்களில் ஒரு தடவைகூட அவர் கை தூக்கவில்லை. சாந்தகுமாரிக்கு மனிதரைப் பிடித்துப்போயிற்று. இடது காதில் அடைத்திருந்த அழுக்கை டாக்டர் எடுத்துவிட்டதும், வெளியே வந்து தெருவில் போன பஸ்ஸின் ஹாரனுக்குத் துள்ளினார்.

"எனக்கு ஒரு உதவி பண்ணணும் சார்" என்றாள் சாந்தகுமாரி. தன் திட்டத்தைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

திட்டம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் துணி கட்டி, அதற்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைப்பது. ஒன்றாம் ஜோடி, கிளிஃபர்ட் ஆசைப்படும் பதினைந்து இஞ்ச் இம்போர்ட்டட். இரண்டாம் ஜோடி, அதன் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும் பன்னிரண்டு இஞ்ச்; ஆம்ப் தனியாக வேண்டாம், பெட்டிக்குள்ளேயே இருக்கும். மூன்றாம் ஜோடி என்று எதுவும் கிடையாது. 'மூணு' என்று அறிவித்துவிட்டு, மறுபடியும் இரண்டையே ஓடவிட வேண்டும். மூன்றும் ஒரே அளவு சத்தம். மீட்டர் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

"பத்து இஞ்ச்லயும் ஒண்ணு வெச்சுக்கலாமே மேடம்? இன்னும் விலை கம்மி, கம்மி வெயிட்டு" என்றார் சந்திரசேகரன், மறுநாள் அவள் கடைக்குப் போனபோது மூலையிலிருந்த ஒரு ஜோடியைக் காட்டி.

சாந்தகுமாரி அதைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "இது குழந்தைங்க பர்த்டேக்கு ஆகும் சார். எனக்குப் பன்னெண்டு இஞ்ச்தான். பாத்தாலே தெரியுது."

"பாத்தாலே தெரியுதா?" என்றார் அவர். "சரி மேடம். ஆய்த்து."

ஞாயிற்றுக்கிழமை மழை வரும்போல் இருந்தது. தடிமனான திரைச்சீலை மெல்லிய சத்தங்களை விழுங்கிவிடும் என்பதால், சாந்தகுமாரி தன் பழைய காட்டன் புடவைகள் மூன்றை எடுத்துவந்து மேடையின் குறுக்கே கட்டினாள். சந்திரசேகரன் டெம்போவில் வந்து இறங்கி, யாரையும் உள்ளே விடாமல் தானே எல்லாவற்றையும் அடுக்கினார். முன்பு ஒரு ஒத்திகையில் சாந்தகுமாரி ராஜேஷ்குமாரின் கீபோர்டோடு பாடிய ஒரு பாட்டும், சீனுவின் தாளம் கொஞ்சமும் ஃபோனில் பதிவாகி இருந்தன. மூன்று ஜோடிக்கும் அதே பதிவு.

ஹாலில் நாலு நாற்காலி. ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரு பேனா. சாந்தகுமாரியும் மற்றவர்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

"கடைசியா வர்றது ஜெர்மனிலேர்ந்து வந்தது" என்று கிளிஃபர்ட்டிடம் போகிற போக்கில் சொன்னாள். "கடைக்காரர் சும்னே பாக்கறதுக்குக் கொண்டாந்திருக்காரு. நம்ம பட்ஜெட்டுக்கு வராது."

"ஒன்!" என்று புடவைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பாட்டு ஓடியது. கிளிஃபர்ட் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

"டூ!"

ஓடி முடிவதற்குள்ளேயே கிளிஃபர்ட் மூக்கைச் சுருக்கினார். "தகர டப்பா. லோக்கல்னு கேக்கும்போதே தெரியுதே."

"த்ரீ!"

கிளிஃபர்ட் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, மெல்ல முன்னால் சாய்ந்தார். பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"இதுதாம்மா. இதுதான். துபாய்ல கேட்டது அப்படியே. அந்த டாப் எண்டைப் பாருங்க, கண்ணாடி மாதிரி. ரெண்டாவதுக்கும் இதுக்கும் ஏணி வெச்சாலும் எட்டாது."

ராஜேஷ்குமாரும் ஆமோதித்தான். "மூணாவதுல ஸ்டீரியோ இமேஜ் நல்லா வைடா இருக்குக்கா. ரெண்டாவதுல மிட் கொஞ்சம் மங்கலா இருக்கு." ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான்.

சீனு மட்டும் தலையைச் சொறிந்தான். "எனக்கென்னமோ ரெண்டும் மூணும் ஒண்ணு மாதிரிதான் இருந்துச்சு."

"டேய், மெஷின் சத்தத்துல நின்னு நின்னு உன் காது போயிடுச்சு" என்றார் கிளிஃபர்ட்.

சீனு உடனே, "இல்லண்ணா, மூணாவது கொஞ்சம் பெட்டர்தான்" என்று மாற்றிக்கொண்டான்.

சாந்தகுமாரிக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து நின்றது. பட்டன் அமுக்காமல் உட்கார்ந்திருந்த பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு கை தூக்கலை அவள் பார்த்ததில்லை. எழுந்து மேடைக்கு அருகில் போய், அவர்கள் பக்கம் திரும்பி நின்றாள்.

"கிளிஃபர்ட் அண்ணா, கோவிச்சுக்கக் கூடாது. மூணாவதுன்னு ஒண்ணு கிடையாது. நீங்க ரெண்டாவதா கேட்டதும் மூணாவதா கேட்டதும் ஒரே பொட்டி. தகர டப்பாவும் அதான், ஜெர்மனியும் அதான்."

ராஜேஷ்குமார் தன் ஒன்றரைப் பக்கத்தை மெதுவாக இரண்டாக மடித்தான். கிளிஃபர்ட்டின் காதுமடல் சிவந்துபோயிற்று.

"ஏமாத்தினியா?"

"பதினஞ்சு இஞ்ச்சுக்கும் இம்போர்ட்டுக்கும் நாம கொடுக்கற காசு காதுக்குப் போறதில்லண்ணா, கண்ணுக்குப் போகுது. அதக் காட்டறதுக்குத்தான். நான் சும்மா ஒண்ணும் முடிவு பண்ணல. இந்தப் பன்னெண்டு இஞ்ச்ச நான் முதல் தடவ கேட்டப்பவே தெரிஞ்சுடுச்சு. அந்தக் கனம் இருக்கு பாருங்க, பத்து இஞ்ச்செல்லாம் வெச்சா அது வரவே வராது. இப்பக்கூட கேட்டேன், குரலுக்குக் கீழ ஒரு தரை போட்ட மாதிரி..."

புடவைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"மேடம்" என்றார் சந்திரசேகரன். "ஸ்வல்ப இந்தப் பக்கம் வாங்க."

அவரே புடவையின் ஒரு முனையை அவிழ்த்தார். இடது பக்கமும் வலது பக்கமும் பெரிய பதினைந்து இஞ்ச் பெட்டிகள். அவற்றின் பக்கத்தில், ஸ்டாண்டின் மேல், டிபன் கேரியர் வாங்கப் போனவன் தயிர் கிண்ணத்தோடு திரும்பின மாதிரி, இரண்டு சின்னப் பெட்டிகள்.

பத்து இஞ்ச்.

"பன்னெண்டு எங்க?" என்றாள் சாந்தகுமாரி.

"கடையில" என்றார் சந்திரசேகரன். "பாத்தாலே தெரியும்னு சொன்னீங்களே மேடம். பாக்காம தெரியுதான்னு பாத்தேன்."

முதலில் சிரித்தவன் சீனு. அவனைத் தொடர்ந்து ராஜேஷ்குமார். கிளிஃபர்ட் மூன்று நிமிஷம் முறைப்பாகவே உட்கார்ந்திருந்தார். பிறகு அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. "தரை போட்ட மாதிரி!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "கீழ ஒரு தரை! டைல்ஸா சாந்தா, சிமெண்ட்டா?"

சாந்தகுமாரிக்குக் கன்னம் எரிந்தது. மேடை விளிம்பில் உட்கார்ந்து அந்தச் சின்னப் பெட்டியையே பார்த்தாள். எழுந்துபோய் ஸ்டாண்டிலிருந்து அதை எடுத்து, ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். வந்தது. நடந்து கடைசி வரிசை வரை போய்த் திரும்பினாள். மூச்சு வாங்கவில்லை.

"இதான் வாங்கறோம்" என்றாள்.

வாங்குவதற்கு முன் மைக்கோடு ஒரு தடவை பாடிப் பார்த்தார்கள். சந்திரசேகரன் ஸ்பீக்கர்களை மைக்குக்கு முன்னால், ஓரமாக, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே வரும்படி உயர்த்தி வைத்தார். "மைக் எப்பவும் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கணும். இது ஒண்ணு செஞ்சா பாதி விசில் போயிடும்." சாந்தகுமாரி பாடினாள். ராஜேஷ்குமார் கடைசி வரிசையில் போய் நின்று, கேட்ட வார்த்தைகளை அப்படியே திருப்பிச் சொன்னான். சீனுவின் பேடு நெஞ்சில் இடிக்கவில்லைதான். "பரவால்லக்கா, வயித்துல லேசா தட்டுது" என்று சமாதானமானான். பெரிய பெட்டிக்குப் போயிருக்க வேண்டிய பணத்தில் எட்டு சேனல் மிக்ஸர், இரண்டு நல்ல மைக், தரையில் சாய்த்து வைத்து வாசிக்கிறவர்களே தங்களைக் கேட்டுக்கொள்ள ஒரு மானிட்டர் ஸ்பீக்கர், நீளமான வயர்கள் எல்லாம் வந்தன. நெருக்கமான கூட்டத்துக்கும், மூடிய ஹாலுக்கும் இது போதும். திறந்த மைதானம் என்றால் மட்டும் வாடகைக்குப் பெரியது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் சந்திரசேகரன். அதையும் தன்னிடமே எடுக்கச் சொன்னார்.

எல்லோரும் கிளம்பும்போது கிளிஃபர்ட் சாந்தகுமாரியை வாசல் பக்கம் கூப்பிட்டார். மழை தொடங்கியிருந்தது.

"என் காது ரிப்போர்ட் உனக்கு ஞாபகம் இருக்கு, இல்ல?"

"இருக்கு."

"அதச் சொல்லியிருந்தா இவ்ளோ நாடகமே தேவையில்லையே. ஒரு வார்த்தைல நான் வாய மூடியிருப்பேன்."

"அது என் வாயிலேர்ந்து வராதுண்ணா."

கிளிஃபர்ட் தலையை ஆட்டினார். "அந்த ஷார்ப் நாப்... நான்தான் ஏத்திவிடறேனா?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. "இனிமே மிக்ஸர் பக்கம் ராஜேஷ் மட்டும் போகட்டும்" என்றார். அந்த வாரமே கிளினிக்குக்கு வந்து, வாசிக்கும்போது காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான்களுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடி அறையில் உட்கார்ந்ததும் விரலை ஆட்டி, "பட்டன் அமுக்காம விளையாடினா எழுந்து போயிடுவேன்" என்று எச்சரித்தார்.

புது செட்டின் முதல் கச்சேரி செப்டம்பரில், நீலசந்திராவில், ஒரு மாடி ஹாலில். லிஃப்ட் இல்லை. ஒரு பெட்டியைச் சாந்தகுமாரியும் இன்னொன்றைச் சீனுவும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். இருபது நிமிஷத்தில் எல்லாம் தயார். விழா, அனந்தலக்ஷ்மி என்ற பள்ளி ஆசிரியையின் பணி ஓய்வு. நாற்காலிகளில் நூற்றிருபது பேர். பாதிப்பேர் அவரோடு வேலை பார்த்தவர்கள்.

முதல் பாட்டிலேயே வித்தியாசம் தெரிந்தது. விசில் இல்லை, இரைச்சல் இல்லை. கடைசி வரிசையில் இருந்தவர்கள்கூட உதடு அசைத்துக் கூடவே பாடினார்கள். மானிட்டரில் தன் குரலைத் தானே கேட்டுப் பாடுவது சாந்தகுமாரிக்குப் புதுசு. அந்தச் சந்தோஷத்தில் அவள் நிறைய நகை போட்ட மாதிரி நிமிர்ந்து நின்றாள். நாலாவது பாட்டின் நடுவில், கூட்டத்தில் ஒரு சின்னச் சலசலப்பு ஏற்பட்டது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஏழாவது பாட்டிலும் அதே மாதிரி. மெச்சுகிறார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் அனந்தலக்ஷ்மி டீச்சர் மாலையோடு அவளிடம் வந்தார். கையில் ஒரு பேப்பர் நாப்கின்.

"குரல் அருமைம்மா. ஒரு வார்த்த விடாம கேட்டுச்சு. இந்த ஹால்ல எத்தனையோ ஃபங்ஷன் பாத்திருக்கேன், இவ்ளோ தெளிவா யாரும் பாடிக் கேட்டதில்ல."

சாந்தகுமாரி பூரித்துப்போனாள்.

"அதனாலதான் கேக்கறேன்" என்று டீச்சர் நாப்கினைப் பார்த்தார். "நாலாவது பாட்டு, ரெண்டாவது சரணம். நிலாவப் பத்தி வர்ற இடத்துல 'வண்ணத் தக்காளி'ன்னு பாடினீங்க. ஏழாவதுல நாயகிய 'ஓலைச் சட்டினி'ன்னு ரெண்டு தடவ கூப்பிட்டீங்க. ஒன்பதாவதுல ஒரு முழு வரி, அது எந்த மொழின்னே எங்க யாருக்கும் பிடிபடல. நாங்க ஏழு பேர் தமிழ் டீச்சர்ஸ், ஒரே டேபிள்ல உக்காந்திருந்தோம்."

சாந்தகுமாரி நாப்கினை எட்டிப் பார்த்தாள். பாட்டு வரி மறந்தால் வாய்க்கு வந்ததைப் போட்டு ராகத்தை இழுத்துவிடுவது அவளுடைய பழைய கைவேலை. நாலு வருஷமாக ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. வாடகைப் பெட்டிகளின் இரைச்சலில் தக்காளியும் நிலாவும் ஒரே மாதிரிதான் ஒலித்திருக்கின்றன. கூட வாசித்த மூன்று ஆண்களுக்கே இது இன்றுதான் தெரிந்தது என்பது அவர்கள் முகத்திலிருந்து புரிந்தது. சீனு சாம்பார் வாளிக்குப் பின்னால் போய் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"திருத்தி எழுதிக் கொடுத்திருக்கேன்" என்று டீச்சர் நாப்கினை அவள் கையில் வைத்து, கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். "டிசம்பர்ல என் தங்கச்சி பொண்ணு ரிசப்ஷன். நீங்கதான் பாடணும். அதுக்குள்ள மனப்பாடம் பண்ணிடுங்க."

சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் நாலு பாட்டு பாக்கி இருந்தது. சாந்தகுமாரி மைக்கைக் கையில் எடுத்தாள். முதல் வரிசைக்கு ஏழு தமிழ் டீச்சர்களும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரிடம் பேனா வேறு.

கிளிஃபர்ட் கிதாரைச் சரிசெய்கிற சாக்கில் அவள் பக்கம் குனிந்தார்.

"ராஜேஷ்கிட்ட சொல்லிக் கொஞ்சம் எக்கோ போடச் சொல்லட்டுமா? வார்த்தையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்."

சாந்தகுமாரி முதல் வரிசையைப் பார்த்தாள். கையிலிருந்த நாப்கினைப் பார்த்தாள். பாடப்போகும் பாட்டின் வரிகள் அதில் இல்லை.

"கொஞ்சமா போதாதுண்ணா" என்றாள். "நல்லாவே போடச் சொல்லுங்க."